பயமும் சமாதானமும்: பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்பதில்லை. ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு, 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று சேர்ப்பார்கள். ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம், அல்சூர், விவேக் நகர் பக்கம் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் சந்திக்கப் போகிற ஒரு சாதாரண விசுவாசி நான், போதகர் இல்லை. எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

விசுவாசம் இருந்தால் பயம் வரக்கூடாது என்கிறார்கள். எனக்குப் பயம் வருகிறது. என் விசுவாசத்தில் கோளாறா?

இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயத்தைவிட, 'பயப்படுகிறேனே' என்ற குற்ற உணர்ச்சிதான் நம் ஆட்களை அதிகமாக வாட்டுகிறது. பயாப்சி ரிப்போர்ட் வரும் நாளில் கை நடுங்குவது பாவம் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று அவர் பிதாவிடம் கேட்டார். மூன்று சீஷர்களைக் கூட அழைத்துப்போய், 'நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்' என்றார். யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்ற தவிப்பு அவருக்கும் இருந்தது. அவருக்கே வந்ததை உங்களிடம் குறையென்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தாவீதைப் பாருங்கள். காத் ஊரில் பெலிஸ்தர் கையில் மாட்டிக்கொண்ட நேரத்தில் பாடியது 56-ஆம் சங்கீதம். 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்' என்கிறார். பயம் தெளிந்தபிறகு நம்புவேன் என்று தள்ளிப்போடவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. வேதத்தில் 'பயப்படாதே' என்ற வார்த்தை எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள்: யோசுவாவுக்கு, மரியாளுக்கு, பெத்லகேம் மேய்ப்பர்களுக்கு. எல்லாரும் நிஜமாகவே பயந்து நின்றவர்கள். அந்த வார்த்தையை அவர்கள் யாரும் திட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாமும் அதை அடுத்தவர்மேல் திட்டாக வீசக்கூடாது.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் சொல்லும் சமாதானம் என்னதான்?

'சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று இயேசு சொன்னது எப்போது? அவர் பிடிபட்ட அதே ராத்திரி. யூதாஸ் ஏற்கெனவே எழுந்து போய்விட்டான். இன்னும் சில மணி நேரத்தில் நீங்கள் எல்லாரும் சிதறி ஓடுவீர்கள் என்பதையும் அவரே சொல்கிறார். அடுத்து, 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள். நான் உலகத்தை ஜெயித்தேன்' என்கிறார். உபத்திரவம் வராது என்று ஒரு வார்த்தை இல்லை. பவுலும் அப்படித்தான். 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்' என்று பிலிப்பியருக்கு அவர் எழுதியபோது காவலில் கட்டப்பட்டிருந்தார். உயிரோடு வெளியே வருவோமா என்பதே அவருக்கு நிச்சயமில்லை.

கரண்ட் போன ராத்திரியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, 'இங்கேதான் இருக்கேன்டா' என்கிறாள். கரண்ட் வரவில்லை, ஆனால் அழுகை நின்றுவிடுகிறது. எனக்குத் தெரிந்த தேவசமாதானம் இந்த மாதிரிதான். அது நெஞ்சுக்குள் ஜில்லென்று ஓடும் உணர்ச்சியாக இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்து, அது வரவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். உணர்ச்சி சில நாள் வரும், சில நாள் வராது. அவர் கூட இருப்பது அதைப் பொறுத்தது இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் விடியும்வரை நெஞ்சு படபடக்கிறது. என்ன ஜெபிப்பது?

அந்த நேரத்தில் நீளமான ஜெபம் வராது. வரவேண்டும் என்றும் இல்லை. செல்போனை எடுக்காதீர்கள். எழுந்து உட்காருங்கள், கால் தரையில் படட்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது 'நான் பயப்படுகிற நாளில்', வெளியே விடும்போது 'உம்மை நம்புவேன்'. வாய்விட்டு, பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடாத அளவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள். படபடப்பு சற்று இறங்கும்வரை அதுவே போதும்.

பிறகு பிலிப்பியர் 4-இல் உள்ளபடி செய்யலாம். 'எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்' என்கிறார் பவுல். எல்லாவற்றையும் என்றால் பெயர் சொல்லி. 'ஆண்டவரே, என் கஷ்டங்களை நீக்கும்' என்பதோடு நிறுத்தாமல், 'அஞ்சாம் தேதி இ.எம்.ஐ. போகணும், அக்கவுண்டில் பணம் இல்லை' என்று சொல்லுங்கள். 'அம்மாவுக்கு நாளைக்கு ஸ்கேன். ரிப்போர்ட்டைப் பார்க்கவே பயமாயிருக்கு.' தலைமாட்டில் ஒரு நோட்டு இருந்தால் அதில் எழுதிவிடுங்கள். இருட்டில் மலைபோல நின்ற பயம், எழுதிப் பார்த்தால் பல நாள் நான்கைந்து வரிக்குள் அடங்கிவிடும். ஸ்தோத்திரமும் அப்படித்தான்: பொதுவாக நன்றி சொல்வதைவிட, இன்று மதியம் போன் செய்து விசாரித்த அண்ணனுக்காக, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதற்காக என்று சொல்லிப் பாருங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே இருக்கிறது.

புது வருஷ ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக வந்தது. மார்ச்சில் கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆண்டவர் பொய் சொன்னாரா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகளில் பலவற்றில் உண்டு. நானும் எடுக்கிறேன், பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டையில் ஒரே ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று அதில் அச்சடித்திருக்கும். அதற்கு முந்தைய வசனம் இருக்காது. அதில், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார் கர்த்தர்.

எரேமியா 28, 29 இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசியுங்கள். எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்குச் சற்று முன்னால் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி சொன்னான். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. நாள் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்றார். அந்தக் கடிதத்தின் நடுவில்தான் உங்கள் வசனம் இருக்கிறது. உங்களை ஆண்டவர் ஏமாற்றவில்லை. ஆனால் அதை ஒரு வருஷத்துக்கான கேரண்டி கார்டாக நமக்குக் கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், வழக்கம்போல லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கப்பன் பார்க்கில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பையில் லேப்டாப் இருக்காது, அதைத் திருப்பி வாங்கிவிட்டிருப்பார்கள். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கும். மனைவி காலையில் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை அங்கே தனியாகச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய பாரம்! தயவுசெய்து இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். அடுத்ததாகச் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம். 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்று கலாத்தியரில் இருக்கிறது; இறக்கி வைத்தால்தானே இன்னொருவர் தோள் கொடுக்க முடியும்? வேலைக்குச் சிபாரிசு செய்யக்கூடிய ஆளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இது நம் ஊர் இல்லை. காவிரிப் பிரச்சினை வந்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இங்கே நடந்த கலவரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் கற்பனை இல்லை. அதே கடிதத்தைத்தான் இங்கேயும் காட்டுவேன். சிறைப்பட்டுப்போன பட்டணத்தைப் பற்றி, 'அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்' என்று எரேமியா எழுதினார். அந்தப் பட்டணத்துக்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம் பண்ணச் சொன்னார். பாபிலோனுக்கே ஜெபிக்கச் சொன்னவர், நமக்குச் சோறு போடும் பெங்களூருக்காக ஜெபிக்கச் சொல்லமாட்டாரா? கலவர நாளில் கதவைத் திறந்து 'உள்ளே வாங்க' என்று கூப்பிட்டது பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பயத்துக்கு இது நல்ல மருந்து.

பிள்ளைக்கு வந்த நோய் நாங்கள் செய்த பாவத்தால்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். உண்மையா?

அப்படிச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு முடித்துவிட்டார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, 'அப்படியல்ல' என்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13). இந்த இரண்டு அதிகாரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் மறுபடி வந்தால் வாசித்துக் காட்டலாம்.

உபவாசம் இருந்து ஜெபித்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தோம். குணமாகவில்லை. இனி எதற்கு ஜெபிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் எப்போதும் சற்று நேரம் சும்மா இருப்பேன். ஓசூர் ரோட்டில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு தாய், மடித்த போர்வையின்மேல் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஃபைலை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருப்பது ஒன்றும் அவருக்குப் புரியாது. தேதிகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டே, 'சாமி கேக்குறாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க' என்றார்.

கேட்கிறார் என்று நம்புகிறேன், முழு மனதோடு. ஆனால் கேட்பதும், நாம் கேட்டபடியே செய்வதும் ஒன்றல்ல. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும். பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்' என்ற பதில்தான் வந்தது. அற்புதங்கள் செய்த அப்போஸ்தலன் அவர். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்வோமா?

நம் தமிழ்ச் சபைகள் மறக்காத எமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். அயர்லாந்தில் பிறந்தவர், 1895-இல் இந்தியாவில் முதலில் ஊழியத்துக்கு வந்தது இந்தப் பெங்களூருக்குத்தான், அதுவும் காய்ச்சலோடு. பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போய், டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவானார். 1931-இல் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று டோனாவூரே ஜெபித்தது. 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். இதை நான் வலிக்கு ஒரு நியாயம் கற்பிக்கச் சொல்லவில்லை. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. குணமாகாதவர்களை ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்ற பேச்சு மட்டும் பொய் என்று சொல்கிறேன்.

ஜெபிக்க வார்த்தை இல்லையென்றால் கோபத்தையே ஜெபியுங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரை விடிவே இல்லாத புலம்பல். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாயிடம் அதைத்தான் வாசித்தேன். 'இது என் கதை' என்று சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசமா? மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற நாம் இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? 'பிரியமான வைத்தியனாகிய லூக்கா' என்று பவுலே எழுதுகிறார். அவர் கூடவே ஒரு மருத்துவர் பயணம் செய்திருக்கிறார். எலியாவின் கதையையும் வாசியுங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அக்கினியை இறக்கியவர், அதன்பின் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான்.

நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். இப்போதே அழையுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். அது ஆபத்து.

காணிக்கை அனுப்பினால் சமாதானமும் ஆசீர்வாதமும் வரும் என்கிறார்களே?

குஷ்டரோகியான நாகமானைக் குணமாக்கிய எலிசா தீர்க்கதரிசி ஒரு காசும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி. அவனுக்கு என்ன ஆயிற்று என்று 2 இராஜாக்கள் 5-இல் இருக்கிறது. ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அனுப்பாதீர்கள்.

நான் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் சர்ச்சில் போய் உட்கார்ந்தால் மனசு லேசாகிறது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். செப்டம்பர் 8-இல் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா திருவிழாவில் காவிப் புடவை கட்டி வருகிறவர்களில் எத்தனை பேர் இந்துக்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை தோறும் எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நற்கருணை மட்டும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. அந்த நேரத்தில் இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வாசிக்க விருப்பம் இருந்தால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், ஒரு ஞாயிறு மத்தியானத்தில் முடித்துவிடலாம். பழைய நடை கடினமாக இருந்தால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் படியுங்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் வருகிறார். 'விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுகிறார். அவ்வளவு விசுவாசம் போதுமானதாக இருந்தது. பிள்ளை எழுந்தான்.

துக்க வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வது?

'ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார்', 'எல்லாம் நன்மைக்கே' இரண்டையும் சொல்லாதீர்கள். புருஷனை இழந்த பெண்ணுக்கு, அவர் தனக்குத்தான் தேவை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழுநாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அதுதான், வாய் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நீங்களும் அழலாம். சங்கீதம் 23 தெரிந்தால் மெதுவாகச் சொல்லுங்கள், வேறு பிரசங்கம் வேண்டாம்.

அடக்கம் முடிந்த ஒரு வாரத்துக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், சாப்பாடும் வரும். மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். நீங்கள் அப்போது போங்கள். மரணச் சான்றிதழ், பேங்க் கணக்கு, பி.எஃப். பணம் என்று அலைய வேண்டியிருக்கும். கன்னடத்தில் எழுதியிருக்கும் படிவத்தைப் பார்த்து அந்த அம்மா மலைத்து நிற்பார். ஒரு நாள் லீவு போட்டு, கூடப் போய் வரிசையில் நில்லுங்கள்.